கழுதை வீட்டு மண்மேடு

கோப்பாயில் ஓர் உரக்கடையின் மேல்மாடியில் அருள்நேசனின் நிறுவனம் இயங்கியது. அங்கு பணிபுரிந்த இளையவர்களிடம் என்ன வேலை என்று ஊரார் கேட்டால், படத்தில் கோடு போடுவது என்பார்கள். அது அடக்கத்தினால் எழுந்த விடையன்று, வேலை அவ்வளவுதான். எங்கோ ஒரு நாட்டின்மேல் தாழப் பறந்த ஏதோ ஒரு பொறி எடுத்த படங்கள் திரையில் வரும். வீட்டைச் சுற்றி நீலக் கோடும், கிணற்றைச் சுற்றிப் பச்சைக் கோடும், வாகனத்தைச் சுற்றி மஞ்சட் கோடும் இட வேண்டும். போதிய கோடுகள் சேர்ந்ததும் ஓர் இயந்திரம் அவற்றைப் படித்து, தானே கோடு போடக் கற்றுக்கொள்ளும். அது கற்று முடித்தபின் தாங்கள் என்ன செய்வது என்று எவரும் கேட்பதில்லை. கீழிருந்து ஏறிவரும் உர மணத்தைப் பற்றி முறையிடுவதற்கே அவர்களுக்கு நேரம் போதவில்லை.

ஒவ்வொரு படமும் மூவருக்குத் தனித்தனியே காட்டப்படும். இருவர் ஒன்றையே சொன்னால் அது உண்மை. மூவரும் மூன்று விதமாகச் சொன்னால் படம் உதயகலாவிடம் போகும். அவள் தீர்மானிப்பாள், அருள்நேசன் ஒப்பமிடுவார், அப்பொழுது அதுவும் உண்மையாகிவிடும். உதயகலா புத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வருபவள். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வெளிநாடு போகவிருந்த பிள்ளைகள் சிலரின் பெற்றோரிடம் தானே நேரிற் சென்று, இங்கேயே நல்ல வேலை இருக்கிறது என்று வாக்குக் கொடுத்தவள் என்பதால், நிறுவனம் நிலைக்க வேண்டும் என்பதில் உரிமையாளரைவிட அவளுக்கே கவலை அதிகம்.

படங்களிலிருந்து இடப்பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. பனை இல்லை, தென்னை இல்லை, கூரைகள் தட்டையானவை என்பதற்கு மேல் அந்த நாட்டைப் பற்றி எவருக்கும் எதுவும் தெரியாது. ஆயினும் ஒரே இடம் மாதந்தோறும் திரும்ப வந்ததால் பழக்கம் ஏற்பட்டுவிட்டது. வறண்ட ஆறொன்றின் வளைவில் ஒரு வீடு இருந்தது. அதன் முற்றத்தில் ஒரு கழுதையும், கழுதையைவிடத் தெளிவாக அதன் நிழலும் தெரிந்தன. கோடு போடுபவர்களில் ஒருத்தியான ஜொய்சி அதற்குக் கழுதை வீடு என்று பெயரிட்டாள். அவ்வீட்டின் சமையற் குசினிக்குப் புதுத் தகரக் கூரை போடப்பட்டபோது நிறுவனத்தில் எல்லாருக்கும் சிற்றுண்டியாக ரோல்ஸ் வாங்கப்பட்டது. ஒரு மாதம் கழுதையைக் காணவில்லை. அம்மாதம் மதிய உணவின்போது பேச்சுக் குறைவாக இருந்தது. மறுமாதம் அது மரத்தடியில் நின்றது.

பிறகு வந்த படத் தொகுதியில், கழுதை வீட்டுக் குசினியின் அருகில் ஒரு மண்மேடு காணப்பட்டது. உண்மையில் அது முன்னரே இருந்தது. அப்பொழுது அதற்கு நிறம் இல்லாததால் எவரும் கவனிக்கவில்லை. இப்பொழுது புதிதாக ஒரு சிவப்புக் கோடு வந்திருந்தது. மண்ணால் மூடப்பட்ட குழிகள் அனைத்தையும் ‘அரண்’ எனக் குறிக்க வேண்டும் என்று அறிவுறுத்தல் கூறியது.

படம் காட்டப்பட்ட மூவரில் ஜெனுஷன் அந்த மேட்டை மலக்குழி என்றான். ஜொய்சி எருக்குவியல் என்றாள். ஜெயனி கல்லறை என்றாள்.

“குசினிக்குப் பக்கத்திலை ஆரடி கல்லறை கட்டுறது?” என்றான் ஜெனுஷன்.

“குசினிக்குப் பக்கத்திலை மலக்குழி வெட்டுறவையோ? உங்கடை வீட்டிலை அப்பிடியோ?” என்றாள் ஜெயனி.

“மேலை பூசணி படர்ந்து கிடக்கு. எரு எண்டால் அதுக்கு விளக்கம் இருக்கு. உங்கள் ரெண்டு பேரிட்டையும் விளக்கம் இல்லை,” என்றாள் ஜொய்சி.

உதயகலா அவர்களின் கதிரைகளுக்குப் பின்னால் வந்து நின்றாள். மேட்டின் நீளத்தையும், வாய் நேரே திறவாமல் ஒரு மடிப்பு மடிந்து திறப்பதையும் பார்த்தாள்.

“உது பங்கர்,” என்றாள்.

போர் முடிந்தபோது பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த மூவரும் திரையை மீண்டும் பார்த்தார்கள்.

“ஏனக்கா வாசல் வளைஞ்சு கிடக்கு?” என்று ஜெனுஷன் கேட்டான்.

“செல் வெடிச்ச துண்டு நேராய்த்தான் வரும். திரும்பி வர அதுக்குத் தெரியாது.”

“பாம்புக்கு?”

“பாம்புக்குத் தெரியும். அது எங்களுக்கு முதலே உள்ளுக்கை இருக்கும்.”

பதுங்குகுழி என்று தெரிந்துவிட்டதனால் வேலை எளிதாகியிருக்க வேண்டும். அறிவுறுத்தலின்படி சிவப்பு. உதயகலா சுட்டியைக் கையில் எடுத்தாள், வைத்தாள், எழுந்து அருள்நேசனின் அறைக்குப் போனாள்.

அருள்நேசன் மிஷன் பாடசாலையில் படித்தவர். எந்த விடயத்திலும் எதிர்த்தரப்பின் வாதத்தை முதலிற் சொல்லிவிட்டே தம் கருத்தைச் சொல்வார். சில வேளைகளில் இரண்டாவதை மறந்துவிடுவார்.

“சிவப்புப் போட்டால் என்ன, கலா?”

“சிவப்பெண்டால் அரண். அரணெண்டால் அடிக்கலாம்.”

“அடிக்கிறவன்தான் உதைப் பாக்கிறான் எண்டு ஆர் உமக்குச் சொன்னது? சாப்பாடு குடுக்கிறவை பாக்கலாம். சனம் எங்கை ஒளிச்சிருக்கு எண்டு தெரிஞ்சால்தானே லொறி அனுப்புவினம்.”

“லொறி அனுப்புறவன் அரண் எண்டு பேர் வைப்பானோ?”

“பேர் வைச்சவன் லொறியையும் கண்டிருக்க மாட்டான், பொம்பரையும் கண்டிருக்க மாட்டான். எங்களைப் போலை ஒரு கந்தோரிலை மேசைக்கு முன்னாலை இருப்பான். சரி, ஒண்டும் போடாமல் விடுவமோ?”

“ஒண்டுமில்லாத இடத்திலைதான் பொம்பர்க்காரன் மிச்சக் குண்டைக் கொட்டிப்போட்டுப் போறவன். மறந்துபோச்சோ அண்ணை?”

“அப்ப தெரியாதெண்டு போடுவம். அதுக்கும் ஒரு நிறம் இருக்கு. சாம்பல்.”

“தெரியாத சாமானுக்குத்தான் முதல் அடி விழுறது.”

அருள்நேசனுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. அவருடைய தந்தை டானியல், போர்க்காலத்தில் தம் திருச்சபையின் செயலாளராக இருந்தவர். ஆலயக் கூரையில் பெரிய சிலுவையொன்று வரைந்தால் விமானங்கள் விலகிப்போகும் என்று சபையில் ஒரு சாராரும், விமானங்களுக்கு அது குறி காட்டும் என்று மறுசாராரும் வாதிட்டார்கள். பல கூட்டங்களுக்குப் பிறகு ஏகமனதாக ஒரு தீர்மானம் நிறைவேறியது: சிலுவை வரையப்படும், கடவுளுக்குத் தெரியும் அளவு பெரிதாகவும், விமானிக்குத் தெரியாத அளவு சிறிதாகவும் அது அமைய வேண்டும். பூச்சுக்காரர் அளவு கேட்டபோது எவராலும் சொல்ல முடியவில்லை. கூரை வெறுமையாகவே இருந்தது.

“முதலிலை கேட்டுப் பாப்பம், ஆர் பாக்கிறது எண்டு,” என்றார் அருள்நேசன்.

வாரந்தோறும் காணொளி அழைப்பில் வாடிக்கையாளரின் பிரதிநிதி தோன்றுவார். மார்ட்டின் என்பது அவர் பெயர். கம்பளிச் சட்டையணிந்த, மிகவும் மரியாதையான இளைஞர். அவருக்குப் பின்னால் அவ்வப்போது ஒரு பூனை கடந்து போகும். படங்களை யார் பயன்படுத்துகிறார்கள் என்று நேராகக் கேட்டதற்கு, பல்வேறு துறையினர் என்று அவர் விடையளித்தார். உதயகலா இதை எதிர்பார்த்து வேறொரு கேள்வியும் ஆயத்தமாக வைத்திருந்தாள். பதுங்குகுழியின் வாசல் எந்தத் திசையை நோக்குகிறது என்பதைக் குறிப்பதா, அல்லது உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்பதைக் குறிப்பதா? உணவு கொண்டுவருபவருக்கு ஆட்தொகை வேண்டும்; குண்டு கொண்டுவருபவருக்கு வாசல் வேண்டும். எதைத் தெரிந்தெடுக்கிறாரோ அதிலிருந்து ஆளை அறிந்துவிடலாம்.

மார்ட்டினின் முகம் மலர்ந்தது. இரண்டையும் தர முடிந்தால் மிகச் சிறப்பாக இருக்கும் என்றார்.

அழைப்பு முடியும் தறுவாயில் அவர் குரலைத் தாழ்த்தினார். உண்மையைச் சொன்னால் தனக்கும் தெரியாது என்றும், தன் நிறுவனம் வேறொரு நிறுவனத்திடம் வேலை வாங்குகிறது என்றும், அந்த நிறுவனத்தில் தன்னோடு பேசுபவரும் மிகவும் மரியாதையானவர் என்றும் கூறினார். இத்தொகுதி ஒழுங்காக நிறைவேறினால் ஒப்பந்தம் மேலும் ஓராண்டுக்குப் புதுப்பிக்கப்படும் என்பதையும் நினைவூட்டினார். பூனை கடந்து போயிற்று.

அன்று பிற்பகல் உதயகலா அறிவுறுத்தலைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் வாசித்தாள். பிறகு அருள்நேசனின் மேசைக்கு முன்னால் அமர்ந்தாள்.

“வீடெண்டால் என்னண்டு எழுதியிருக்கு தெரியுமோ? மனிதர் வழக்கமாக உறங்கும், கூரையுடைய இடம். பங்கருக்குக் கூரை இருக்கு.”

“அதுக்கை ஆர் வழக்கமாய் உறங்கினது?”

“நாங்கள். உங்கடை வீட்டிலை?”

“எங்கடை பங்கர் சீமெந்து பூசினது. உங்கடை பனைமரக் குத்தி அடுக்கின பங்கர் மாதிரி இல்லை.”

“சீமெந்துப் பங்கருக்கைதான் மாரி முழுக்கத் தண்ணி நிண்டதாம். ஊரே பகிடி பண்ணிச் சிரிச்சது. நான் கேட்டது, படுத்தனீங்களோ?”



“அம்மா திரைச்சீலை போட்டவ,” என்றார் அருள்நேசன்.

“எதுக்கு?”

“யன்னலுக்கு.”

“பங்கருக்கு ஏது யன்னல்?”

“அப்பாவும் அதைத்தான் கேட்டவர். யன்னல் இல்லாத வீட்டிலை மனுசர் இருக்கேலாது எண்டு அம்மா சொல்லிப்போட்டா. சுவரிலை திரைச்சீலை தொங்கும். விலக்கினால் பின்னாலை சீமெந்து.”

“அப்ப அது வீடுதானே.”

“வீடெண்டு சொல்லித்தான் என்னைப் படுக்க வைச்சவை,” என்று கூறி அருள்நேசன் ஒப்பமிட்டார்.

கழுதை வீட்டு மண்மேடு நீலமாயிற்று. அயலிலிருந்த மேடுகளும் நீலமாயின. உதயகலாவுக்கு அன்று நல்ல பசி எடுத்தது. மறுநாள் ஜெனுஷன் ஒரு படத்துடன் வந்தான்.

“அக்கா, ஆத்துக்கு அங்காலை உந்தக் குன்றைப் பாருங்கோ. ஆமிக்காரற்றை பங்கர். வரிசையாய்க் கிடக்கு. அவங்களும் உள்ளுக்கைதானே படுக்கிறாங்கள்?”

உதயகலா பார்த்தாள். ஐயத்துக்கு இடமில்லை, அகழிகள் குன்றைச் சுற்றி ஒழுங்காக ஓடின. ஆனால் கூரை இருந்தது. உறக்கமும் இருக்கத்தான் வேண்டும். தனக்கு விருப்பமான இடத்தில் மட்டும் செல்லுபடியாகும் வரையறை வரையறை ஆகாது என்பது அவளுடைய கொள்கை. முதன்முறையாக அந்தக் கொள்கை அவளுக்குப் பிடிக்கவில்லை.

“நீலம் போடு,” என்றாள்.

குன்றின்மேல் ஒரே நாளில் ஓர் ஊர் முளைத்தது. இரண்டு நாட்களில் மார்ட்டினின் மின்னஞ்சல் வந்தது. பாதையில்லை, கிணறில்லை, ஆடுமாடில்லை. ஆயினும் நெருக்கமான குடியிருப்பு. தயவுசெய்து உறுதிப்படுத்தவும்.

“உவங்கள் கழுதை வீட்டைக் காக்கிறவங்களோ, கழுதை வீட்டுக்கு அடிக்கிறவங்களோ?” என்று ஜெயனி கேட்டாள்.

“துவக்குக் குழல் எந்தப் பக்கம் பாக்குது எண்டு படத்திலை தெரியேல்லை,” என்றான் ஜெனுஷன்.

“தெரிஞ்சால்?” என்றாள் ஜெயனி.

உறுதிப்படுத்த உதயகலாவின் கை எழவில்லை. மறுத்தால், வரையறை மாறிக் கழுதை வீடும் சிவந்துவிடும். இரண்டையும் பிரித்துக் காட்டும் ஏதாவது ஒன்று வேண்டும். வழி சொன்னவள் ஜொய்சி. கழுதை வீட்டு முற்றத்தில் எப்போதும் ஒரு கயிறு கட்டியிருக்கும்; அதில் உடுப்புகள் காயும். குன்றில் அப்படி எதுவும் இல்லை. உடுப்புக் கயிறு அருகிலிருந்தால் வீடு, இல்லாவிட்டால் அரண்.

எல்லாருக்கும் அது பிடித்துக்கொண்டது. மார்ட்டினுக்கு அதைவிடப் பிடித்துக்கொண்டது. உடுப்புக் கயிற்று விதி அறிவுறுத்தலில் சேர்க்கப்பட்டு, இதே வேலையைச் செய்யும் ஏனைய நாட்டு நிறுவனங்களுக்கும் அனுப்பப்பட்டது. கோப்பாயிலிருந்து உலகத்துக்குப் போன விதி என்று ஜெனுஷன் அதை வெண்பலகையில் எழுதி, கீழே கோடும் இட்டான். அன்று மாலை குன்று சிவந்தது. ரோல்ஸ் வாங்குவதைப் பற்றி எவரும் பேசவில்லை.

அடுத்த மாதப் படங்களை முதலிற் பார்த்தவள் ஜொய்சி.

“அக்கா, இவங்கள் உடுப்புத் தோய்ச்சிருக்கிறாங்கள்.”

குன்று இருந்தபடியே இருந்தது. ஒவ்வோர் அகழியின் பக்கத்திலும் ஒரு கயிறு இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. கயிறுகளில் ஒரே நிறத்தில், ஒரே அளவில் சட்டைகள் தொங்கின. ஓரிடத்தில் மட்டும் பூப்போட்ட ஒரு நீளத் துணி.

அருள்நேசன் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். “உது திரைச்சீலை,” என்றார்.

“எங்கடை விதி அங்கை போயிட்டுதோ?” என்றான் ஜெனுஷன்.

“ஏன், ஆமிக்காரரும் மனுசர்தானே. தோய்ச்சிருப்பினம்,” என்றார் அருள்நேசன்.

“இவ்வளவு நாளும் தோய்க்கேல்லையோ? இந்த மாதம்தான் ஊத்தை பட்டதோ?” என்றாள் ஜெயனி.

உதயகலா குன்றைப் பார்க்கவில்லை. ஆற்றின் இக்கரையில் கடந்த மாதம் தாங்கள் இட்ட கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுதை வீடு நீலம். அதற்குக் கிழக்கே, புதிதாகக் கிளறிய மண்ணோடு ஒரு மேடு. பக்கத்தில் வீடில்லை, கூடாரம் ஒன்று மட்டும். அது சிவப்பு. அப்பால் இன்னொன்று, அதுவும் சிவப்பு. வந்து சேர்ந்தவர்கள் குழி வெட்டியிருந்தார்கள். கயிறு கட்ட நேரம் கிடைக்கவில்லை, அல்லது காயவிட மாற்றுடை இல்லை. போரில் புத்தூரிலிருந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து போனபோது தன் தந்தை கதிரவேலு முதலில் வெட்டியது குழியைத்தான் என்பது அவளுக்கு நினைவு வந்தது. உடுத்த உடுப்போடு போனவர்கள் அவர்கள்.

மார்ட்டின் அன்றைய அழைப்பில் பூனையின்றித் தோன்றினார். உடுப்புக் கயிறு இனி நம்பத்தக்க அடையாளம் அன்று என்றார். எளிதில் போலி செய்ய முடியாத வேறோர் அடையாளம் வேண்டும். நாளைக்குள் கிடைத்தால் ஒப்பந்தத்தை நிறுத்தும் பேச்சே எழாது. கிடைக்காவிட்டால் ஒன்று, அரண் என்ற வகை நீக்கப்படும், அல்லது எல்லா மேடுகளும் அரண் எனக் கொள்ளப்படும். எது என்பதை மேலே உள்ளவர்கள் தீர்மானிப்பார்கள். மேலே யார் என்று உதயகலா கேட்கவில்லை.

போலி செய்ய முடியாத அடையாளம் அவளுக்குத் தெரியும். முதல் நாளே ஜொய்சி அதைச் சொல்லிவிட்டாள். சொன்னதை அவளே மறந்துவிட்டாள். பூசணி. புத்தூர் வீட்டுப் பதுங்குகுழியின் மேல் அவளுடைய தாய் குணலட்சுமியும் பூசணிதான் நட்டிருந்தாள். மழைக்கு மண் கரையாது, மேலிருந்து பார்ப்பவனுக்குத் தோட்டம், காய்த்தால் கறி. கயிற்றை ஒரு மணி நேரத்தில் கட்டலாம். பூசணி படர ஒரு போகம் வேண்டும். எந்தப் படையும் அவ்வளவு பொறுமையாக இருந்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை. ஒரு வரி எழுதினால் போதும்: கழுதை வீடும் நிலைக்கும், மேல்மாடியும் நிலைக்கும்.

கூடாரக்காரரிடம் பூசணி இல்லை.

உதயகலா மறுநாள் காலை விடையை எழுதி, அச்செடுத்து, ஒப்பத்துக்காக அருள்நேசனின் மேசையில் வைத்தாள். அவர் இரண்டு முறை வாசித்தார். மண்மேடுகளுக்கிடையே நம்பத்தக்க வேறுபாடு எதனையும் எம்மாற் காண முடியவில்லை. மண்ணுக்குக் கீழே இருப்பவர் யார் என்பதை மேலிருந்து அறிய இயலாது. எனவே அரண் என்னும் வகையை நீக்குமாறு பரிந்துரைக்கிறோம் என்று அதில் இருந்தது.

“முழுக்கச் சிவப்பாக்கிப் போட்டால்?”

“ஆக்கலாம். நாங்கள் பிரிச்சுக் குடுத்து ஆக்கினதாய் இராது.”

“அது எங்களுக்குத்தான் ஆறுதல். கழுதை வீட்டுக்கு இல்லை.”

“ஓம்,” என்றாள் உதயகலா. “தெரியும்.”

அவர் பேனாவைத் திறந்தார். “கலா, அந்த மேட்டுக்கு மேலை கிடந்த பூசணி...”

“எந்தப் பூசணி?”

அருள்நேசன் அவளைப் பார்த்தார். பிறகு ஒப்பமிட்டார், வழக்கத்தைவிட மெதுவாக, முழுப்பெயரையும் எழுதினார்.

“எங்கடை பங்கருக்கு மேலை அம்மா ரோசா நட்டவ,” என்றார்.

“பூத்ததோ?”

“ஆடு திண்டிட்டுது.”

விடை வர ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. அந்த வாரத்தில் மேல்மாடியில் உர மணத்தைப் பற்றி ஒருவரும் முறையிடவில்லை. வந்த மின்னஞ்சல் சுருக்கமானது. போதிய நம்பகத்தன்மை இன்மையால் அரண் என்ற வகை கைவிடப்படுகிறது; மேடுகள் அனைத்தும் வீடுகளாகவே இருக்கும். நிறுவனத்தின் தரம் ஒரு படி குறைக்கப்படுகிறது. ஒப்பந்தம் ஓராண்டுக்கன்று, அரையாண்டுக்குப் புதுப்பிக்கப்படுகிறது. இறுதியில், தன் சொந்தக் கருத்தாக, விடை தனக்குப் பிடித்திருந்தது என்று மார்ட்டின் ஒரு வரி சேர்த்திருந்தார். குன்றின்மேல் இருந்தவர்களும் அன்றிலிருந்து குடிமக்களானார்கள். அது சரியா என்று ஜெனுஷன் கேட்டான். சரியென்று சொல்ல முடியாது என்றாள் உதயகலா. பிழையென்று சொல்வதற்கும் அவளிடம் படம் இருக்கவில்லை.

அரையாண்டின் முதற் தொகுதியில் கழுதை வீடு வந்தது. எல்லாரும் ஜொய்சியின் திரையைச் சூழ்ந்துகொண்டார்கள். குசினித் தகரம் இருந்தது. கயிறு இருந்தது. மண்மேடு இருந்தது. மேட்டின் உச்சியில் கழுதை ஏறி நின்றது. அதன் தலை குனிந்திருந்தது. அதைச் சுற்றி, முன்பு கொடி படர்ந்து பச்சையாக இருந்த இடமெல்லாம் வெறும் மண்.

“என்னத்தைத் திண்டுகொண்டு நிக்குது?” என்றாள் ஜெயனி.

அருள்நேசன் உதயகலாவைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல், மேட்டைச் சுற்றி நீலக் கோட்டை இட்டு முடித்தாள். கழுதைக்கென்று நிறம் எதுவும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. கோடு அதன் கால்களுக்குக் கீழே, இடைவெளி விடாமல் சென்று பொருந்தியது.

“ஜெனுஷன்,” என்றாள், “கீழை போய் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வா.”